கிளாரன்ஸ் காப்பாற்றிக்கொண்ட வேலை

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் நாங்கள் மூன்று பேர்: நான், ஃபௌசி, கிளாரன்ஸ். ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு ஃபௌசிக்கு லீவு, தீபாவளிக்கு எனக்கு, கிறிஸ்மஸுக்குக் கிளாரன்ஸுக்கு. மற்ற இருவரும் அன்று ஸ்டோரைப் பார்த்துக்கொள்வோம். யாருடைய சாமியும் இதுவரை குறை சொன்னதில்லை.

போன வருடம் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. நானும் ஃபௌசியும் தே தாரிக் குடித்தபடி பயந்தோம். கிளாரன்ஸ் பெட்டி தூக்கியபடி பயந்தான். வீட்டுக் கடன், காலேஜ் போகும் மகள். அவன் பயத்தில் நியாயம் இருந்தது. தீபாவளி வந்ததும், "ரெண்டு பேரும் போங்கடா, நான் தனியா பாத்துக்குறேன்லா" என்றான்.

"தனியாவா? பைத்தியமா ஒனக்கு?"

"ஒழைக்கிறவன யாரும் தூக்க மாட்டாங்க, குரு. நீ பாரு."

நான் வீட்டில் முறுக்கு தின்றேன். அவன் எல்லா லோரிக்கும் தனியாகச் சரக்கேற்றி, ஸ்டோரையும் கூட்டிப் பெருக்கி, படமெடுத்து மேனேஜருக்கு வாட்சப்பில் அனுப்பினான்: "பாஸ், ஒரே ஆள், எல்லாம் கிளியர்!" பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. வீரப் பதக்கம்போல அதை எல்லோரிடமும் காட்டித் திரிந்தான்.

மேனேஜர் கட்டைவிரலோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் யோசிக்கவும் செய்துவிட்டார். ஒரே ஆள் முடிக்கிற வேலைக்கு எதற்கு மூன்று பேர்? அடுத்த மாதமே நானும் ஃபௌசியும் வெளியே.

"இப்படி ஆகும்னு நெனைக்கலடா" என்று கிளாரன்ஸ் அழுதான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது.

கிறிஸ்மஸ் சாப்பாடு எப்போதும் கிள்ளானில் அவன் வீட்டில்தான். போகக்கூடாது என்றிருந்தேன். அவன் மனைவி கிறிஸ்டின் போன் போட்டு, "அண்ணே, வராம இருந்துடாதீங்க" என்றதும் ரோஷம் போய்விட்டது. மேசையில் கோழிக்கறி மணத்தது. வீட்டுக்காரனைத்தான் காணோம்.

"ஸ்டோர்ல இருக்காரு" என்றாள் கிறிஸ்டின். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது என் போன் அடித்தது. கிளாரன்ஸ்.

"குரு, கொஞ்ச நேரம் வந்து பாத்துக்கடா. மகளோட ஒரு வாய் சாப்புட்டு ஓடி வந்துடுறேன்."

"டேய், நான் இப்ப அங்க வேல செய்யலடா."

 "ஆமால்ல" என்றான்.

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கிறிஸ்டின் கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு மேருவுக்குப் போனேன். கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா என்னை உள்ளே விடவில்லை. கிளாரன்ஸாலும் வெளியே வர முடியவில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.