மழைச்சாலையில் புவனாவின் சிவப்புக் கார்

சிங்காநல்லூரில் பம்ப் மோட்டார் கம்பெனி நடத்தும் புவனா, ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத்தானே ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டாள். வண்டி வந்த வாரமே, தூறல் விழுந்த ஒரு சாயங்காலம், வளைவில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டாள். பின்பக்கம் வழுக்கிச் சுழன்று, கார் வந்த திசையையே பார்த்து நின்றது. நல்லவேளை, ரோட்டில் வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகு பயத்தில் காரை வெளியே எடுக்கவேயில்லை.

“வித்துப்போடலாம் அம்மணி. நமக்கெதுக்கு இத்தனை வேகம்?” என்றார் கணவர் கதிர்வேல்.

“இத்தன வருசமா ஓட்டறனுங்க, எல்லாந் தெரியும்னு நெனச்சுட்டேன். இந்த வண்டிய ஓட்டத் தெரியல, அவ்வளவுதான். கத்துக்கறேன்.”

செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் பயிற்சி கொடுத்தவள் ரெபேக்கா. ராலி கார்ப் பந்தயங்களில் ஓட்டியவள், புவனாவைவிட ரொம்பவே இளையவள். வண்டியைக் கிளப்பவே முதலில் விடவில்லை. சீட்டை முன்னால் தள்ளி, முழங்கை மடங்குகிறதா, பிரேக்கைக் கடைசிவரை மிதிக்கக் கால் எட்டுகிறதா என்று பார்த்தாள். பிறகு நேர்ப்பாதையில் வேகமெடுத்து, பிரேக்கை ஒரே மிதியாக மிதிக்கச் சொன்னாள்.

“இன்னும் அழுத்துங்கக்கா. பாவம் பாக்காதீங்க!”

காலடியில் பெடல் தடதடவென்று அதிர்ந்தது. புவனா பயந்து காலை எடுத்துவிட்டாள்.

“அதிர்ந்தா, சக்கரம் சிக்கி வழுக்காம வண்டி அது வேலையச் செய்யுதுன்னு அர்த்தமுங்க. கால எடுக்காம ஸ்டியரிங்கத் திருப்புங்க. திரும்பும்.”

திரும்பியது.

மத்தியானம், தண்ணீர் ஊற்றிய தார்த்தரையில் காரை வேண்டுமென்றே வழுக்கவிட்டார்கள். சுழன்றாள். மறுபடியும் சுழன்றாள். பாதைக்கு அடையாளமாக வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகள் நாலாபக்கமும் பறந்தன.

“கூம்பையே பாத்தா கூம்பு மேலதான் போவீங்க. போக வேண்டிய எடத்தப் பாருங்கக்கா.”

அடுத்த முறை நழுவியபோது புவனா தலையைத் திருப்பிக் காலி இடத்தைப் பார்த்தாள். ஆக்சிலேட்டரில் கால் தளர்ந்தது, கைகள் தாமாகவே ஸ்டியரிங்கைத் திருப்பின. கார் ஒரு குலுங்கு குலுங்கி நேரானது. காலேஜ் பெண்ணைப் போல ‘ஹோ’வென்று கத்தினாள். ரெபேக்காவும் சேர்ந்து கத்தினாள்.

ஐப்பசியில் புவனாவும் கதிர்வேலும் அதே காரில் காரமடைக் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். நல்ல மழை. வாழைப்பழத்தார் கட்டிய மொபெட் ஒன்று சந்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது. கதிர்வேல் “ஐயோ” என்று சொல்லி முடிக்குமுன் புவனாவின் கால் பிரேக்கின் அடிவரை இறங்கியிருந்தது. அவள் கண் மொபெட்டில் நிற்கவில்லை, அதற்குப் பின்னால் தெரிந்த இடைவெளிக்குப் போனது. கார் அந்த வழியே வளைந்து, ஓரத்தில் பதவிசாக நின்றது.

மொபெட்காரர் நனைந்தபடி ஓடிவந்தார். “பாக்காம வந்துபோட்டனுங்க அம்மணி. தப்பு என்னுதுதான்.” போகுமுன் ஒரு சீப்புப் பழத்தை ஜன்னல் வழியே திணித்துவிட்டுத்தான் போனார்.

கதிர்வேல் இரண்டு பழத்தை உரித்துத் தின்றார். அப்புறம் கேட்டார்: “அந்தப் புள்ள எனக்கும் சொல்லித்தருமா?”

“தருமுங்க. வர்ற ஞாயித்துக்கெழம வெறும் வயித்தோட வந்துருங்க, சுத்தற சுத்துல தின்னதெல்லாம் வெளிய வந்துரும்!”

சிரித்துச் சிரித்து, காரமடை வந்ததே இருவருக்கும் தெரியவில்லை.