பதில் தேவையில்லை

"லைன்லயே இருங்க மேடம்" என்று பாட்டைப் போட்டுவிட்டுப் போன கஸ்டமர் கேர் பெண் திரும்பி வருவதாகத் தெரியவில்லை. வெண்மதி போனை ஸ்பீக்கரில் போட்டு நைனாவின் தலைமாட்டில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டதால் அப்பா தனசேகரனை முந்தின நாள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஆளு இழுத்துக்கினு கெடக்குது, இது பாட்டு வெச்சிக்கினு ஒக்காந்திருக்குது" என்றாள் அத்தை சாமுண்டீஸ்வரி.

"நைனாதான் செய்யச் சொல்லிச்சி அத்த."

நிஜந்தான். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் எந்த நெல் என்ன விலைக்குப் போகிறது என்று தனசேகரன் தினமும் காலையில் நேரில் போய்ப் பார்த்து தன் இணையதளத்தில் போடுவார். தொண்டூர், அனந்தபுரம் பக்கத்து விவசாயிகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையை வண்டியில் ஏற்றுவார்கள். தளத்தின் பெயரைப் பதிந்து கொடுத்த கம்பெனி இப்போது நொடித்துப்போய், தளம் பாதி நாள் திறப்பதில்லை. வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெயருக்குப் பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். உரிமையாளர் தன் வாயால் சொன்னால்தான் எடுப்பார்களாம். அவர் போய்விட்டால் வாரிசு சான்றிதழ், அது இது என்று இழுத்தடிப்பார்கள். அதற்குள் பெயர் காலாவதியாகி எவனாவது ஒரு வியாபாரி வாங்கிவிட்டால், அப்புறம் அவன் போடுவதுதான் விலை.

பாட்டு நின்றது. "சார், உங்க பேர் சொல்லுங்க."

தனசேகரனின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வெண்மதியின் அம்மா தைலம்மாள் அவர் வாயில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள்.

"தனசேகரன்."

"டொமைன் லாக்கை எடுத்துடலாமா சார்?"

"எடுத்து வுடும்மா." மூச்சு வாங்கினார். "இனிமே பொண்ணு பாத்துக்கும்."

வெண்மதி லேப்டாப்பில் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள். அதே பூட்டு. மறுபடியும் அதே பூட்டு. அப்புறம் பூட்டுப் படம் மறைந்து, மாற்றிக்கொள்வதற்கான ரகசியக் குறியீடு வந்து விழுந்தது.

"நைனா, வுட்டுட்டாங்க நைனா" என்று குதித்தே விட்டாள். வாசலில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த சனம் உள்ளே எட்டிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். வேலை கிடைத்த அன்றுகூட அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. தனசேகரன் சிரித்தார். சீக்கிரம் போடு என்று விரலை ஆட்டினார். புதுக் கம்பெனியின் பக்கத்தில் குறியீட்டைப் போட்டாள்.

மத்தியானம் கஞ்சிக்கு எழுப்பினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மேளமும் வெடியுமாக எடுத்துப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, அவர் தலை இருந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். வெண்மதிக்கு முந்தின நாள் பிடித்த பூரிப்பு இன்னும் அடங்கவில்லை. சாவு வீட்டில் இப்படி ஒரு சந்தோஷமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அலமாரியில் இருந்த நைனாவின் போன் அதிர்ந்தது.

"யாரும்மா?" என்றாள் தைலம்மாள்.

"பழைய கம்பெனிக்காரன் மெயில் போட்டிருக்கான். தளத்துப் பேரை வேற கம்பெனிக்கு மாத்தறதுல நைனாவுக்கு இஷ்டம் இல்லன்னா பதில் போடணுமாம்."

"இஷ்டம்னா?"

"ஒண்ணும் சொல்ல வேணாமாம். பேசாம இருந்தாலே சம்மதம்தானாம்."

தைலம்மாள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை வாங்கி முந்தானையால் துடைத்தாள். தினமும் படுக்கப்போகும் முன் அவர் செய்வதுபோலவே அதைச் சார்ஜில் போட்டாள்.

"காலைல கமிட்டிக்கு எத்தினி மணிக்குப் போவணும்?" என்று கேட்டாள்.