முதன்முதலாகச் சுருட்டு வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. வாரப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டு, புதிதாகச் சுருட்டு பிடிக்க ஆரம்பிக்கிறவர்கள் கையைக் கடிக்காத விலையில் நல்லதாகப் பார்த்து வாங்குவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லையே என்றேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், பழக்கம் உள்ளவர்கள் ஒரு பக்கத்தில் நிற்க மாட்டார்கள் என்றார்.

கடைகளில் ஏறி இறங்கி விசாரித்தேன். மேலே இருப்பது அந்தக் கட்டுரையின் தலைப்புதான். முதல் பத்தி சிக்கலில்லாமல் வந்தது. இரண்டாவது பத்தியை இப்படி ஆரம்பித்தேன்:

'கடைக்குள் நுழைகிறவர் முதலில் செய்ய வேண்டியது, தனக்கு ஒன்றும் தெரியாது என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுவது. ஏனென்றால்'

அதற்கு மேல் பேனா நகரவில்லை. கடை வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அவரை விட்டுவிட்டுக் கட்டுரையைத் தொடர எனக்கு மனம் வரவில்லை.

2

முதலில் அவரை இளைஞனாக்கிப் பார்த்தேன். முதல் சம்பளம், கூட்டாளிகள், ஒரு வீம்பு. அவனுக்குச் சுருட்டு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன கெட்டுவிடும்? ஒன்றும் கெடாது. அடித்துவிட்டேன்.

வாசலில் நின்றவர் அறுபதை நெருங்குகிற லிஃப்ட் மெக்கானிக். பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. மனைவி, மகள், அவர் என மூன்று பேர் ஐந்தாவது மாடி வீட்டில் இருக்கிறார்கள். மகள் கட்டட வரைபடம் போடுகிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகிப் போனவள், போன வருஷம் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, ஒத்துவரலைப்பா என்றாள். மாப்பிள்ளையைக் கேட்டதற்கு, ஒத்துவரலை மாமா என்றார். பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே சொல். அடுத்த மாதம் கோர்ட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

மாப்பிள்ளை பல் டாக்டர். ஊராருக்கெல்லாம் பல் கறையைச் சுரண்டி எடுக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் பால்கனியில் உட்கார்ந்து ஒரு சுருட்டு பிடிப்பார். வாரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. அந்த ஒன்றைப் பற்றி மகள் தொலைபேசியில் அம்மாவிடம் சிரித்தபடி குறை சொன்ன காலம் உண்டு.

(இதைப் படித்துவிட்டு யாரும் சுருட்டு பிடிக்க ஆரம்பிக்க வேண்டாம். கட்டுரையிலும் இந்த வரி இருந்தது. ஆசிரியர் அதைத்தான் முதலில் வெட்டினார்.)

டாக்டரின் கிளினிக் இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி, லிஃப்ட்காரர் போக வேண்டி வந்தது. வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரில் டாக்டர். இருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டாக்டர்தான் பேசினார். இந்த வாரம் ஊரில் இல்லை, அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வாங்க மாமா, சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்றார்.

வருகிறேன் என்று லிஃப்ட்காரர் சொல்லிவிட்டார். கையில் என்ன கொண்டுபோவது என்பது பிறகுதான் உறைத்தது. பழம் கொண்டுபோனால் சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். இனிப்பு என்றால் ஏதோ நல்ல சேதி போல ஆகிவிடும். வெறுங்கையோடு போனால் கெஞ்ச வந்தவர் மாதிரி இருக்கும். யோசித்து யோசித்துச் சுருட்டில் வந்து நின்றார். ஆளுக்கு ஒன்று. வாயில் ஏதாவது இருந்தால் பேசியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அதற்கு அவர் பிடிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது உள்ளே வரட்டும்.

3

கடையை நடத்துகிற அம்மாள் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் கணினியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர், தனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அந்த அம்மாள் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தார். தெரிந்த மாதிரி நடிக்கிறவர்களிடம்தான் இருப்பதிலேயே விலை கூடியதை விற்பேன் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

(இதுதான் என் கட்டுரையில் 'ஏனென்றால்' என்பதற்குப் பிறகு வர வேண்டியது.)

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். பெட்டியோடு வாங்காதே, ஒற்றையாக நாலைந்து வகை வாங்கிப் பார். கறுப்பாக இருந்தால் காரம், வெளுப்பாக இருந்தால் சாது என்று நம்பாதே. அது மேலே சுற்றிய இலையின் நிறம், உள்ளே இருப்பது வேறு. அதனால் சாதுவானது எது என்று வாய்விட்டுக் கேள். ஆரம்பத்தில் குட்டையாக, நடுத்தரத் தடிமனில் எடு. ரொம்ப மலிவானதில் இலையை நறுக்கித் திணித்திருப்பார்கள். தூள் வாயில் வரும், சூடு ஏறும். முழு இலையை வைத்துச் சுற்றியதுதான் நிதானமாக எரியும். அதிலும் மேல் இலையில் புள்ளி விழுந்ததை இரண்டாம் தரம் என்று கம்பெனிப் பேர் போட்ட காகிதப் பட்டை ஒட்டாமல் ஒதுக்கி வைப்பார்கள். சரக்கு அதே சரக்கு, விலை பாதி. விரலால் மெதுவாக அழுத்திப் பார்; எங்கும் கட்டி தட்டக் கூடாது, எங்கும் குழி விழக் கூடாது, மொறுமொறுவென்று சத்தமும் வரக் கூடாது.

லிஃப்ட்காரர் அழுத்திய அழுத்தில் ஒன்று பிளந்தது. அதற்கும் சேர்த்து விலை கொடுத்தார்.

"யார் பிடிக்கப்போறது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"நானும் இன்னொருத்தரும்."

"அவர் பழகினவரா?"

"பழகினவர்தான்."

அப்படியானால் அவருக்குக் காரமாக ஒன்றும் உங்களுக்குச் சாதுவாக ஒன்றும் தருகிறேன் என்றார். லிஃப்ட்காரர் ஒப்பவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். காரணம் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பட்டை ஒட்டாத, சாதுவான, புள்ளி விழுந்த சுருட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டும் பழகிப் பார்க்கச் சிலவும் காகிதப் பையில் ஏறின.

4

முதல் பயிற்சி தோல்வி. சாப்பிடாமல், சமையலறை பால்கனியில், சிகரெட் பிடிக்கிறவர்களைப் பார்த்த ஞாபகத்தில் புகையை நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டார். புகையை வாயிலேயே வைத்திருந்து வெளியே விட வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னது நினைவுக்கு வருவதற்குள் தலை சுற்றி, துணி காயப்போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தாள்.

"இந்த வயசுல புதுசா ஒரு பழக்கமா?"

"பழக்கம் இல்ல. பயிற்சி."

"எதுக்கு?"

சொன்னார். அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவ அங்கே அந்த ஒரு தம்ளர்தான் இருந்தது, ஆனால் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்தவள் முகம் துடைத்திருந்தாள்.

"போறதுன்னா சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

(இங்கே மனைவியை ஒரு தடையாக வைக்கலாம் என்று யோசித்தேன். கதைக்கு வசதி. ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

5

இரண்டாவது பயிற்சியைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாயங்காலம், கீழே வண்டிகள் நிற்கிற இடத்தில் வைத்துக்கொண்டார். அவசரமில்லாமல், வாயோடு நிறுத்தி. பாதி வரைக்கும் நன்றாகப் போயிற்று. வறுத்த கொட்டை மாதிரி ஒரு ருசி கூடத் தெரிந்தது. மீதியை நசுக்காமல் தானாக அணையட்டும் என்று வைத்துவிட்டு, அணைந்ததும் எடுத்துப் போட்டுவிட்டு லிஃப்டில் மேலே வந்தார்.

ஆறடிக்கு நாலடிப் பெட்டிக்குள் ஒரு வாசனை ஏறினால் லேசில் இறங்காது. அது அவருக்குத் தெரியாததா? ஆனாலும் அன்றைக்குத் தோன்றவில்லை.

அவர் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்ட சற்று நேரத்தில் மகள் வந்தாள். சாவி போட்டுத் திறக்கிறவள் மணியை அடித்தாள். கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றாமல், தோளில் இருந்த பையை இறக்காமல் உள்ளே வந்தாள். ஹாலைப் பார்த்தாள். பால்கனிக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். தன் அறை, அப்பா அம்மா அறை, சமையலறை, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"யார் வந்திருக்கா?"

"யாரும் வரலையேம்மா."

"இல்ல, லிஃப்ட்ல"

அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு முகம் கழுவப் போய்விட்டாள். அன்று சாப்பிடும்போது அலுவலகத்தில் புதிதாக வாங்கிய பிரிண்டரைப் பற்றிப் பேசினாள்.

6

லிஃப்ட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்த்தாயா, தேடினாள், அறை அறையாகத் தேடினாள் என்று மனைவியிடம் குசுகுசுத்தார். அவனுக்காக ஏங்காதவள் எதற்காகத் தேட வேண்டும்?

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"வீட்டுக்குள்ள பாம்பு புகுந்திருக்குன்னு சொன்னாலும் அறை அறையாத்தான் தேடுவாங்க."

"அவ முகத்தைப் பார்த்தியா நீ?"

"பார்த்தேன். பையையும் பார்த்தேன். இறக்கவே இல்ல. அவர் இருந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிருப்பா."

இரண்டு பேரும் ஒரே முகத்தைத்தான் பார்த்தார்கள். அந்த முகத்தை எழுதியவன் என்ற முறையில் யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்பீர்கள். நான் செருப்பையும் பையையும் மட்டும்தான் எழுதினேன். முகத்தை வர்ணிக்க ஒரு வாக்கியம் தொடங்கி, 'அவள் கண்களில்' என்று எழுதி, அங்கேயே விட்டுவிட்டேன்.

நேராக மகளிடமே கேட்டிருக்கலாமே? கேட்டால் ஒத்துவரலைப்பா என்பாள். அதற்கு மேல் கேட்டால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். ஒரு வருஷமாக அந்த வீட்டில் நடந்தது அதுதான்.

7

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் டாக்டர் சுருட்டையே விட்டிருந்தார். சாமர்த்தியமாக இருந்தது. சாமர்த்தியம் தெரிந்ததால் கிழித்தேன்.

இரண்டாவதில் அப்பாவுக்குப் பின்னாலேயே மகளும் வந்து கதவைத் தட்டினாள். படம் முடிந்து விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன்.

மூன்றாவது இது.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். டாக்டர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். லிஃப்ட்காரர் காகிதப் பையை நீட்டியதும் டாக்டர் எடுத்துப் பார்த்து, விரலில் உருட்டி, நல்லதா பார்த்து வாங்கியிருக்கீங்களே என்றார். நுனியை நறுக்கிக் கொடுத்தார். இருவரும் பற்ற வைத்தார்கள். கிளினிக் லிஃப்ட் இப்போது ஒழுங்காக ஓடுகிறதா என்ற பேச்சு கொஞ்ச நேரம் ஓடியது. அதுவும் தீர்ந்தது. எதிர் மாடியில் யாரோ தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளைப் பற்றி டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வது என்று வந்தவருக்கு அது இடைஞ்சலாகப் போயிற்று. ஒரு வருஷமாக இவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் டாக்டர், டாக்டர் என்று சமாளித்துவந்தவர், அப்போது தன்னையறியாமல், "மாப்பிள்ளை" என்றார்.

டாக்டர் திரும்பினார்.

லிஃப்ட்காரர் நடந்ததைச் சொன்னார். கீழே தான் பிடித்தது, லிஃப்டில் வாசனை, அவள் செருப்போடு உள்ளே வந்தது, பையை இறக்காதது, ஒவ்வொரு அறையாகப் பார்த்தது. தான் நினைத்ததையும் மனைவி நினைத்ததையும் சொல்லவில்லை. வழி நெடுக அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தார்: பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

"அன்னைக்குப் பிடிச்சதும் இதேதானா?"

"இதேதான்."

டாக்டர் கையில் இருந்ததை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது வாசனையே வேற மாமா. நான் பிடிக்கறது இன்னும் காரம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவ வித்தியாசம் சொல்லிடுவா. கடையில மாத்திக் கொடுத்துட்டாங்கன்னு ஒரு தடவை அவதான் கண்டுபிடிச்சா."

சாம்பல் நீண்டு, டாக்டர் பேன்ட் மேல் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"அப்படியும் தேடினாளா?" என்றார்.

லிஃப்ட்காரர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இருவரும் மீதியைப் பிடித்து முடித்தார்கள். டாக்டர் வாசல் வரைக்கும் வந்தார். எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கதவைச் சாத்தாமல், லிஃப்ட் கீழே இறங்குகிறவரைக்கும் நின்றார்.

8

வீட்டுக் கதவை மகள்தான் திறந்தாள். வழிவிடாமல் நின்றாள். அப்பாவின் சட்டையிலிருந்து வந்த வாசனை அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைக்கு லிஃப்டில் இருந்தது யார் என்பதும் இன்றைக்கு அப்பா எங்கே போய்விட்டு வருகிறார் என்பதும் ஒன்றாகவே புரிந்திருக்க வேண்டும். பின்னால் அம்மா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள்.

லிஃப்ட்காரர் திட்டு வாங்கத் தயாராக இருந்தார். ஆனால் அவள் குரலை உயர்த்தவில்லை.

"என்னப்பா சொன்னார்?"

இந்த இடத்தில் அவருக்கு ஒரு பதில் எழுத வேண்டியது என் வேலை. 'ஒண்ணும் சொல்லலைம்மா' என்று எழுதினேன். பொய் இல்லை, ஆனால் அடித்தேன். 'அப்படியும் தேடினாளா' என்று டாக்டர் கேட்ட அந்த இரண்டு சொல்லை அப்படியே எழுதினேன். அதைக் கேட்டு அவள் அழுவாளா, கதவைச் சாத்திக்கொள்வாளா, இல்லை 'நான் எதுக்குத் தேடினேன்னு அவருக்கு என்ன தெரியும்' என்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் அடித்தேன். 'நீயே போய்க் கேட்டுக்கோ' என்றும் ஒன்று எழுதினேன். அவருக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

கட்டுரை கேட்ட ஆசிரியரிடம், சுருட்டை எப்படிப் பொறுக்குவது என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். உங்களிடமும் அதையே சொல்கிறேன். மகளோ மகனோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இல்லையென்றால் நீங்களே யாருக்கோ மகளாகவோ மகனாகவோ இருப்பீர்கள். இந்தப் பதிலை நீங்கள் பொறுக்குங்கள்.

அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். அவள் இன்னும் வழிவிடவில்லை.