இடது கை முறிந்த மன்னர்

மன்னரின் பழைய கல்லறையைத் திறந்தபோது உள்ளே ஒருவருக்கு இரண்டு பேராகக் கிடந்தார்கள். இதில் யார் மன்னர் என்று கண்டுபிடிக்கும் வேலை எலும்பம்மாவிடம் வந்தது. அருங்காட்சியகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். மூன்று வாரம் தூரிகையால் மண்ணைத் தட்டி, ஒவ்வொரு எலும்பாக அளந்து எழுதினாள்.

நான்காம் வாரம் வாரிசுக்காரர் வந்தார். ஆயுசில் ஒரு துரும்பை நகர்த்தாமல், மன்னர் பெயரைச் சொல்லியே வயிறு வளர்த்தவர். பின்னால் அருங்காட்சியக இயக்குநர், கைகட்டியபடி.

எலும்பம்மா முதல் மேசையைக் காட்டினாள். "இவர்தாங்க உங்க முன்னோர். வயசு எழுபதுக்கு மேல. சின்னதுல இடது கை முறிஞ்சு கோணலாச் சேர்ந்திருக்கு. அரண்மனை வைத்தியர் எழுதிவச்ச அதே முறிவு."

"வெட்டுக்காயம் எங்க? போர்க்களத்துல இருபத்தோரு வெட்டு வாங்கி விழுந்தவராச்சே."

"ஒரு கீறல்கூட இல்ல. கால் கட்டைவிரல் மூட்டு அரிச்சுப்போயிருக்கு. தின்னு தின்னு வந்த வாதம். பல்லுல பாதி சொத்தை. கடைசிக் காலத்துல எழுந்து நடந்திருந்தாலே பெரிசு."

வாரிசுக்காரர் அடுத்த மேசைக்குப் போனார். "இது யாரு?"

"முப்பத்தஞ்சு வயசு ஆளு. மண்டையிலயும் முன்கையிலயும் வாள் வெட்டு. தோள்பட்டையில சுமை தூக்கின தடம். காவல்காரனா இருக்கலாம்."

"இவர்தான் மன்னர்," என்றார், கடையில் சட்டை எடுப்பவர்போல. "தாடையப் பாருங்க, எங்க வீட்டுத் தாடை."

எலும்பம்மா அவர் தாடையைத் தேடினாள். கழுத்துச் சதையில் அது எங்கேயோ புதைந்திருந்தது.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா," என்று இயக்குநர் இழுத்தார்.

"இந்த ஆளோட இடது கை நேரா இருக்கு சார். அத முறிச்சு, கோணலாச் சேர வச்சு, வயசுல முப்பத்தஞ்சு கூட்டிக் கொண்டாங்க. இவர்தான் மன்னர்னு கையெழுத்துப் போடறேன்."

கடைசியில் வாரிசுக்காரரின் மைத்துனர், பல் டாக்டர், கையெழுத்துப் போட்டார்.

திறப்பு நாளில் காவல்காரன் கண்ணாடிப் பேழைக்குள் பட்டு விரிப்பில் படுத்திருந்தான். பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று குனிந்தார்கள். கேமரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் வாரிசுக்காரர் வராத கண்ணீரைத் துடைத்தார். எலும்பம்மாவும் வரிசையில் போய்க் கும்பிட்டாள். ஆளறிந்து கும்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

மன்னர் கிடங்கில், அட்டைப்பெட்டியில் இருந்தார். அடுத்த மாதம் இடம் போதவில்லையென்று இயக்குநர் அந்தப் பெட்டியை அப்புறப்படுத்தச் சொன்னார்.

"முடியாது சார். அந்தத் தின்னி மன்னரக் கண்டா எனக்கும் ஆகாதுதான். ஆனா எண் போட்டுப் பதிஞ்சது நான்," என்று சொல்லி, பெட்டியை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டுக் கை கழுவப் போனாள்.