மச்சான் கடைப் பேட்டரி

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருடைய காரின் பேட்டரி ஒரு திங்கட்கிழமை காலையில் உயிரை விட்டது. சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றது. இன்னொரு முறை திருப்பினார். அந்த ‘டிக்’கும் வரவில்லை.

ஸ்கூலுக்கு இருந்தது ஒரே கார், ஒரே அறை. அறையில் உட்கார்ந்து போன் எடுப்பது, ஆள் சேர்ப்பது, சேர்ந்த ஆள் முதல் நாளே பயந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் மாஸ்டரின் மனைவி.

“பேட்டரி போயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் உள்ளே வந்தார்.

“அதுக்கென்ன, எங்க அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க. வந்து மாட்டிட்டுப் போயிடும்.”

மாஸ்டரின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல ஆயிற்று.

மனைவியின் அண்ணன் பேட்டரிக் கடை வைத்திருந்தார். நல்ல கடை, நல்ல சரக்கு, மனுஷரும் தங்கமானவர். தங்கைக் குடும்பத்துக்கு எதைக் கொடுத்தாலும் பாதி விலைக்குத்தான் கொடுப்பார். மாஸ்டரை வதைத்தது அந்தப் பாதி விலைதான்.

பேட்டரிக் கடை வைப்பதற்கு முன்பு மச்சான் மின்சாமான் கடை வைத்திருந்தபோது, இவர்களுக்கு ஒரு சீலிங் ஃபேனைப் பாதி விலைக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு அமர்ந்து, அண்ணாந்து பார்த்து, “காத்து நல்லா வருதா மாப்பிள்ளை?” என்று கேட்பார். வருகிறது என்றால், “வரும், வரும். பாதி விலைக் காத்துல்ல!” என்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. கல்யாணத்தில், காதுகுத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கே நாலு பேர் கூடினாலும் அந்த ஃபேன் கதை சுற்ற ஆரம்பித்துவிடும். ஒருமுறை துக்க வீட்டில், புழுக்கமாக இருக்கிறதே என்று யாரோ சொல்லப்போக, மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டதைக் கேட்டு மாஸ்டர் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே போய்விட்டார்.

ஃபேனாவது வீட்டுக்குள் கிடக்கிறது. பேட்டரி காரில் இருப்பது. ஊரெல்லாம் ஓடும். ஓடுகிற இடமெல்லாம் மச்சானின் தயவும் கூடவே ஓடும்.

“வேற கடையில வாங்கிக்கறேனே” என்றார் மாஸ்டர் மெதுவாக.

“அண்ணன் பேட்டரிக் கடை வெச்சிருக்கும்போது வேற கடையிலயா? நாலு பேர் என்ன நினைப்பாங்க? எங்க அண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?”

இப்படி இரண்டு பக்கமும் கதவு சாத்திக்கொண்டதால், மாஸ்டர் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது.

அப்போது காலை வகுப்பில் மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நூலகர் அம்மா, ஒரு பல் டாக்டர், ஒரு தையல்காரர். பேட்டரி செத்துவிட்டது என்று அவர்களிடம் சொல்ல மாஸ்டருக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் ஒரு பாடத்தைக் கண்டுபிடித்தார்.

“வண்டியோட கனம் என்னன்னு உடம்புக்குத் தெரியணும். அது தெரியாம ஸ்டியரிங் பிடிச்சா ஆபத்து. அதனால இனிமே ஒருத்தர் உள்ள, ரெண்டு பேர் பின்னாடி. சாவியை ஒரு சுத்து மட்டும் திருப்புங்க. செகண்ட் கியர். கிளட்சை அமுக்கிக்கங்க. அவங்க தள்ளுவாங்க. வேகம் பிடிச்சதும் கிளட்சை விடுங்க. இன்ஜின் பிடிச்சிக்கும். பிடிச்ச பிறகு எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. தள்ளினவங்க ஓடிவந்து ஏறிப்பாங்க.”

“நீங்க தள்ள மாட்டீங்களா மாஸ்டர்?” என்றார் பல் டாக்டர்.

“நான் இறங்கிட்டா என் பக்கத்து பிரேக்கை யார் பாக்கறது?”

நூலகர் அம்மா தலையசைத்தார். அவர் சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொள்கிற மாணவி. இதுவரை கார் பக்கமே போகாதவர் என்பதால், உலகத்தில் எல்லாக் கார்களும் இப்படித்தான் புறப்படுகின்றன என்று எடுத்துக்கொண்டார். தெருவில் சில கார்கள் யாரும் தள்ளாமல் கிளம்புவதைப் பார்த்தபோது, ‘காலையிலேயே யாராவது தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள்’ என்று நினைத்தார்.

பாடம் நடந்தது. பல் டாக்டர் விரல்கள் தொழிலுக்கு வேண்டும் என்று முதுகைக் கொடுத்துத் தள்ளினார். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். இன்ஜின் பிடித்ததும் இருவரும் வேட்டைக்குக் கிளம்பியவர்கள் போல ஓடிவந்து, திறந்திருக்கும் கதவு வழியாகத் தாவி ஏறினார்கள். நடுரோட்டில் யாராவது கிளட்சைத் தப்பாக விட்டு வண்டியை நிறுத்திவிட்டால், மறுபடி இறங்க வேண்டும், மறுபடி தள்ள வேண்டும். பின்னாலிருந்து வரும் பெருமூச்சுக்குப் பயந்தே மூன்று பேரும் கிளட்சைப் பச்சைக் குழந்தையைப் போலக் கையாளப் பழகிவிட்டார்கள். இவ்வளவு அருமையாக ஓட்டுகிற மாணவர்களை மாஸ்டர் தம் வாழ்நாளில் உருவாக்கியதில்லை. பேட்டரி வாங்காமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று மனைவியிடமே பெருமையடித்துக்கொண்டார்.

முதலில் தேர்வுக்குப் போனவர் நூலகர் அம்மாதான்.

தேர்வு, அரசாங்க அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில். கார் அலுவலகத்துடையது, புத்தம் புதியது. அதிகாரி சிரிக்காத மனிதர். மீசைகூட விறைப்பாக இருந்தது. பக்கத்து இருக்கையில் அமர்ந்து, “வண்டியை எடுங்க” என்றார்.

நூலகர் அம்மா பெல்ட் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். சாவியை ஒரு சுற்றுத் திருப்பினார். செகண்ட் கியர் போட்டு, கிளட்சை அமுக்கிக்கொண்டு, அதிகாரியைப் பார்த்தார்.

“இறங்குங்க சார்.”

“எதுக்கு?”

“தள்ளணும்ல.”

அவர் குரலை உயர்த்தவில்லை. வாசகசாலையில் பேசிக்கொண்டிருப்பவர்களை அடக்கும்போது எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. வண்டியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று எண்ணி அதிகாரி இறங்கிப் பின்னால் போனார். கை வைத்தார். தள்ளினார்.

புதுக் கார் பஞ்சு மாதிரி நகர்ந்தது. இன்ஜின் பிடித்தது. நூலகர் அம்மா சொல்லிக்கொடுத்தபடி புறப்பட்டார்.

“நில்லுங்க!” என்று கத்தினார் அதிகாரி.

“நிறுத்தக் கூடாது சார்! ஓடிவந்து ஏறிக்கங்க! கதவு திறந்துதான் இருக்கு!”

அதிகாரி ஓடினார். அவர் ஓடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நூலகர் அம்மா அவருக்காக ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தார். ஆனால் நிறுத்தவில்லை. அதிகாரியின் கை கதவுக்கு எட்டும்போது வளைவு முடிந்துவிடும், கார் போய்விடும். மேட்டில் ஏற்றி, கொஞ்சமும் பின்னால் சரியாமல் இறக்கினார். கம்பங்களுக்கு நடுவே பாம்பு போல வளைத்து ஓட்டினார். ஒரு கம்பத்திலும் உரசவில்லை. திறந்த கதவை ஒவ்வொரு கம்பத்துக்கும் முன்னால் எட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, தாண்டியதும் மறுபடி விட்டார். வேண்டிய இடத்தில் சிக்னல் போட்டார், ஹாரன் அடித்தார். வரிசையில் காத்திருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். காரைப் பார்த்துத் தட்டுகிறார்களா, தம்மைப் பார்த்துத் தட்டுகிறார்களா என்று அதிகாரிக்குப் புரியவில்லை.

கடைசியில் ரிவர்ஸ். கார் பின்னோக்கி வந்ததால்தான் அதிகாரியால் அதைப் பிடிக்க முடிந்தது. இருக்கையில் விழுந்தார். மூச்சு வாங்கியதால் பேச்சு வரவில்லை. கையை நீட்டி சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

“ஐயையோ! என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க! மறுபடியும் தள்ளணுமே!”

அதிகாரி அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு சாவியை முழுக்கத் திருப்பினார். இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது.

நூலகர் அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. மெதுவாகத் தாமே இன்ஜினை அணைத்தார். திருப்பினார். உறுமியது. அணைத்தார். திருப்பினார்.

“தானாவே வருது சார்” என்றார், தழதழத்த குரலில்.

“உங்க மாஸ்டர் யாரும்மா?”

ஓட்டியதில் ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதிகாரியைத் தள்ள வைக்கக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவுமில்லை. வேறு வழியில்லாமல் பாஸ் போட்டார். பிறகு வாசலில் காத்திருந்த மாஸ்டரை வரவழைத்தார்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க ஸ்கூல் வாசலுக்கு வருவேன். சாவியைத் திருப்புவேன். கார் ஸ்டார்ட் ஆகணும். ஆகலைன்னா உங்க ஸ்கூலை இழுத்து மூடிடுவேன்.” இதையே மாஸ்டரின் மனைவிக்கும் போனில் சொன்னார்.

வெளியே நூலகர் அம்மா லைசென்ஸ் கிடைத்த சந்தோஷம் இல்லாமல் நின்றார். “சாவியை இன்னொரு சுத்து திருப்பலாம்னு நீங்க சொல்லவே இல்லையே மாஸ்டர்” என்றார். மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இனி மானம் மரியாதை பார்க்க நேரமில்லை. நேராக மச்சான் கடைக்குப் போனார். வழியிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“மச்சான், காருக்கு ஒரு பேட்டரி வேணும்.”

மச்சான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “மாப்பிள்ளை! வாயைத் திறந்து கேட்டுட்டீங்க, அது போதும். இந்தாங்க, ஆறாயிரம் போட்டிருக்கு. உங்களுக்கு மூவாயிரம்.”

“ஆறாயிரமே எடுத்துக்கங்க.”

“என்ன மாப்பிள்ளை விளையாட்டு? சரி, மூவாயிரத்து ஐநூறு.”

“ஆறாயிரத்துக்கு ஒரு காசு குறைஞ்சாலும் எனக்கு வேண்டாம்.”

“தங்கச்சி புருஷன்கிட்ட ஆறாயிரம் வாங்கினா எனக்குச் சோறு இறங்குமா? நாலாயிரம். அதுக்கு மேல எனக்குக் கட்டுப்படியாகாது.”

“பக்கத்துத் தெருவுல ஆறாயிரத்து ஐநூறு சொல்றான். நான் அங்கேயே போய் வாங்கிக்கறேன்.”

“ஐயோ, இருங்க, இருங்க! கோவிச்சுக்கிட்டுப் போனா எப்படி? நாலாயிரத்து இருநூறு. கடைசி விலை!”

வேன் டிரைவர் ஒருவர் தம் வண்டிக்குப் பேட்டரி வாங்க வந்து ஓரமாக நின்றிருந்தார். தாம் கேட்டது சரிதானா என்று ஒருமுறை காதைக் குடைந்துகொண்டார். “அண்ணே, அதே பேட்டரிதான் எனக்கும். நாலாயிரத்து இருநூறுன்னா நான் எடுத்துக்கறேன்.”

“உங்களுக்கு ஆறாயிரம்” என்றார் மச்சான்.

“ஆறாயிரம் தர்றேன்னு அவர்தானே சொல்றாரு? அவர்கிட்ட வாங்கிக்கங்க!”

மச்சான் அவரைப் பொருட்படுத்தவில்லை. திடீரென்று கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “சரி மாப்பிள்ளை, நீங்க சொன்னபடியே ஆறாயிரம்.”

“அப்படி வாங்க வழிக்கு.”

“பழைய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்ச் மூவாயிரம்.”

“செத்துப்போன பேட்டரிக்கு மூவாயிரமா!”

“அதுல ஈயம் இருக்கு மாப்பிள்ளை.”

“தங்கம் இருந்தாலும் அவ்வளவு வராது! பழசை நான் தர மாட்டேன். அது என்கிட்டயே இருக்கட்டும்.”

“செத்ததை வெச்சு என்ன பண்ணுவீங்க?”

“ஷோகேஸ்ல வெப்பேன்!”

இருவரும் மேஜை மேல் கையூன்றி மூக்கோடு மூக்கு உரச நின்றபோது மச்சானின் போன் அடித்தது. தங்கை. மச்சான் ஸ்பீக்கரைப் போட்டார். “நீயே கேளும்மா உன் புருஷன் பேசற பேச்சை! என்கிட்ட முழு விலை கொடுக்கறாராம்!”

“ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க” என்றது குரல். “கார்ல பேட்டரி மாட்டியாச்சு.”

மச்சான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்தப் பேட்டரி?” என்றார் மச்சான்.

“புதுசு. நம்ம ஸ்கூலுக்கு எதிர்க் கடையில வாங்கினேன்.”

“அப்ப இது எனக்குத்தானே?” என்றார் வேன் டிரைவர். மச்சான் ஷட்டரை இழுக்க, மாஸ்டர் மறு பக்கம் பிடித்து இழுத்தார். இருவரும் வேகவேகமாக நடந்தார்கள்.

“என் கூடப்பிறந்தவளா இப்படிப் பண்ணா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல மச்சான்!”

“கடை வெச்சிருக்கேன், கடை! போர்டு தெரியலையா அவளுக்கு?”

“அதானே! நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அதுதான் முதல் தடவை. அதைக் கவனிக்கிற நிலையில் இருவருமே இல்லை.

ஸ்கூல் வாசலில் கார் பளிச்சென்று நின்றது. மனைவி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஆபீசர் அஞ்சு மணின்னார். உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா? நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள கார் துருப்பிடிச்சுப் போயிடும். அதான் வாங்கிட்டேன்.”

“எவ்வளவு கொடுத்தே?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“கேட்ட விலையைக் கொடுத்தேன்.”

“எவ்வளவு கேட்டான்?”

“சொல்ல மாட்டேன்.”

“மூவாயிரத்துக்கு மேலயா, கீழயா? அதையாவது சொல்லும்மா!” மச்சான் கெஞ்சினார். தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் எப்படித் தூக்கம் வரும்? தங்கை காபியை ஊதினார்.

மச்சான் பானெட்டைத் தூக்கினார். மாஸ்டரும் பக்கத்தில் குனிந்தார்.

“பாருங்க மாப்பிள்ளை, நட்டை எப்படி முடுக்கியிருக்கான்னு.”

“கண்ணுல பாக்க முடியல மச்சான்.”

“கிரீஸ்கூடத் தடவல. தொழில் தெரிஞ்சவன் செய்யற வேலையா இது?”

“நீங்க மாட்டியிருந்தா இப்படி இருக்குமா?”

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே மனைவி டம்ளரை வைத்துவிட்டுக் காரில் ஏறினார். சாவியை முழுக்கத் திருப்பினார். இன்ஜின் ஒரே திருப்பில் உறுமி எழுந்தது. பானெட்டுக்குள் இருந்த இரண்டு தலைகளும் துள்ளி மேலே இடித்துக்கொண்டன.

“நகருங்க. ஆபீசர் வர்ற நேரமாச்சு.”

இருவரும் தலையைத் தடவிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள். கார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“சத்தம் சரியில்லையே மாப்பிள்ளை.”

“சரியே இல்ல மச்சான்” என்றார் மாஸ்டர்.