முப்பத்தேழாம் பக்கத்துக் கொக்கி

ரோமாபுரியின் வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. பகலில் வண்டிகள் நகருக்குள் நுழையக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். இருட்டும்வரை வண்டிக்காரன் மதிலோரம் உட்கார்ந்து, பெண்டாட்டியிடம் சொல்லாததையெல்லாம் தன் கோவேறு கழுதைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பல் அச்சில் ஊற்றிய மாவு இறுகுவதற்குள் நாலு பக்கம் படிக்கலாம் என்று புத்தகத்தைத் திறந்த பல்லக்கா, அச்சுக்குள் மாவு கல்லாகிப் போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். சீட்டில்லாமல் ஒரு அச்சு வந்தாலும், பற்களின் கடியைப் பார்த்தே இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, தப்பியதும் இல்லை.

புருஷன் பஸ் டிரைவர். போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஐந்து மணிக்கு டூட்டி முடியும். டிப்போ கூப்பிடு தூரம்தான். ஆனால் நேரத்தோடு வீடு வந்ததாகச் சரித்திரமே இல்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் சீக்கிரம், கோடையில் ரொம்பத் தாமதம். எங்கே போனீர்கள் என்று கேட்டால் "சும்மா" என்பார். பல வருஷம் கேட்டாள். கடைசிக் காலத்தில் கேட்பதை விட்டுவிட்டுப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமலே அவர் போய்விட்டார். அதுதான் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது.

வீட்டின் நிசப்தம் தாங்காமல்தான் தெருமுனை நூலகத்துக்குப் போனாள். கையில் அகப்பட்டது இந்த ஆசிரியர். பின்னட்டையில் மோவாயைக் கையில் தாங்கிய ஒரு கிழவி. ராஜாக்கள் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. ரொட்டி சுடுகிறவன், துணி வெளுக்கிறவள், இந்த வண்டிக்காரன், இவர்கள்தான் பாகம் பாகமாக வந்தார்கள். செத்து இரண்டாயிரம் வருஷமானவர்கள் பக்கத்து வீட்டிலிருந்து இருமுவதுபோல இருந்தது. இத்தனை வயதுக்குமேல் தனக்கென்று ஒரு எழுத்தாளர் கிடைத்துவிட்டதில் பல்லக்காவுக்கு வெட்கமும் சந்தோஷமும்.

இரண்டாம் பாகத்தில்தான் அந்தக் குறியைப் பார்த்தாள். முப்பத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு கொக்கி. முதல் பாகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதிலும் இருந்தது.

"படிச்ச புக்கையே மறுபடி எடுத்துடக் கூடாதுன்னு ஆளுக்கொரு பக்கத்துல குறி வச்சுக்குவாங்கம்மா. திட்டினா கேக்கவா போறாங்க?" என்றார் நூலகர்.

அவள் காதில் அது விழவில்லை. டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவள் புருஷன் சாக்கட்டியால் போடுவது இதே கொக்கி. அவர் ஓட்டியது முப்பத்தேழாம் நம்பர் பஸ். கடியைப் பார்த்து ஆளைச் சொல்கிறவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஒரு பெண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மனுஷன் ரோமாபுரியில் இருந்திருக்கிறார். அன்று அவள் அழுதது நிம்மதியில்தான்.

அதன்பிறகு அவள் தனியாகப் படிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் முன்னால் நடந்துபோனார். வண்டிக்காரன் பேசினால் அவர் குரல் கேட்டது. சில சமயம் தாளில் டீசல் வாசனைகூட அடித்தது. வீட்டில் பேப்பரைத் தவிர எதையும் அவர் கையில் பார்த்ததில்லையே, நூலக அட்டை ஒன்றும் அகப்படவில்லையே என்று மனசு கேட்டபோது, தொலைத்திருப்பார் என்று அதன் வாயை அடைத்தாள். நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

"உங்க ரோமாபுரி கடைசி பாகம் வந்திருக்கு," என்றார் நூலகர் ஒரு மாலையில். "போன மாசம் வந்தது. ஒருத்தர் முந்திக்கிட்டார், இன்னிக்குத்தான் திருப்பிக் கொடுத்தார்."

புருஷன் படிக்கக் கொடுத்துவைக்காத பாகம். அவருக்காகத் தானே கொக்கி போட வேண்டும் என்று பல்லக்கா கைப்பையில் பென்சிலைச் சீவி வைத்திருந்தாள். முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தாள்.

கொக்கி ஏற்கெனவே இருந்தது.

ஒரு கணம் அவர் வந்துதான் போட்டிருக்கிறார் என்றே நம்பினாள். திரும்பிக்கூடப் பார்த்தாள்.

"இது... யாரு போட்டது?"

"குடைக்காரர். வெயிலோ மழையோ, குடை இல்லாம வர மாட்டார். நல்ல மனுஷன், இந்தக் கொக்கிதான் கெட்ட பழக்கம்."

பல்லக்கா கைப்பையை மூடினாள். இத்தனை மாதம் ஊர்பேர் தெரியாத ஒரு குடைக்காரரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூடிவைத்திருந்த அந்த ஒரு மணி நேரம் மறுபடி வாயைப் பிளந்துகொண்டு எதிரே நின்றது. இனி கேட்காமல் இருக்க முடியாது.

"சார், எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டினவர். காக்கிச் சட்டை. இங்க வருவாரா?"

நூலகர் யோசித்தார். "டிரைவருங்க யாரும் உள்ள வந்ததில்லம்மா." பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "எதிர்த்தாப்ல அந்த பெஞ்சுல ஒருத்தர் உக்காந்திருப்பார், காக்கிதான். இப்ப ரொம்ப நாளா காணோம். முகம் சரியா ஞாபகமில்ல."

"யார்கூட?"

"தனியாத்தான்."

"என்ன பண்ணுவார்?"

"ஒண்ணும் பண்ண மாட்டார். சும்மா உக்காந்திருப்பார். இருட்டினதும் எழுந்து போயிடுவார்."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாலையைக் கடந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மரம் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. எத்தனை பேர் உட்கார்ந்து குழிந்ததோ, அதைக் கடியைப்போலப் படித்துச் சொல்ல இனி அவளுக்குத் தைரியமில்லை. புத்தகம் மடியில் மூடியே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். தெருக்கோடியில், மாடியில், அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் நேராகத் தெரிந்தது. இங்கிருந்து அது தெரியும் என்பது இத்தனை வருஷம் அவளுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் அவள் சீக்கிரம் விளக்குப் போடுவாள். கோடையில் தாமதமாக.

இருட்டிக்கொண்டு வந்தது. வீடுவீடாக விளக்குகள் எரியத் தொடங்கின. பல்லக்கா எழுந்திருக்காமல், அந்த ஒரு ஜன்னலில் வெளிச்சம் வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.