நீலமாகாத மூக்குகள்

நூற்றுப் பத்துப் பன்றிகள். ஒன்றின் மூக்கிலாவது நீலம் இருக்க வேண்டாமா? அத்தனையும் வெளிர்சிவப்பு மூக்கைத் தூக்கி என்னைப் பார்த்து உறுமின.

மருந்து நீலச் சாயத்தோடு வருகிறது. இரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்தி, பன்றிகளைத் தவிக்கவிட்டு, பிறகு மருந்து கலந்த தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். மூக்கு நீலமானால் குடித்துவிட்டது என்று அர்த்தம். தொட்டியை எட்டிப் பார்த்தேன். சாயம் வெளுத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

தம்பி கையில் துடைப்பத்தோடு நின்றான். முகத்தில் பெருமை வேறு. "தொட்டியை ரெண்டு தடவை தேய்ச்சேன்க்கா. மருந்து கலக்கும்போதும் ஒரு பிடி பிளீச்சிங் போட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "அந்த மருந்தே உயிருள்ள கிருமிடா! பலத்தைக் குறைச்சு அனுப்பியிருக்காங்க. அது உயிரோட குடலுக்குப் போனாத்தான் கெட்ட கிருமி மலத்துல குறையும். நீ தொட்டியிலேயே கொன்னுட்டியே!"

"கிருமியைக் கொல்லத்தானேக்கா இவ்வளவும் பண்றோம்?"

இவனிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். எட்டு வாரமாக இதே பைத்தியம். மலத்தில் இருக்கும் அந்தக் கெட்ட கிருமி பன்றிகளை ஒன்றும் செய்வதில்லை. அவை பாட்டுக்குத் தின்று கொழுக்கின்றன. ஒருநாள் இவன் கொட்டகையிலிருந்து கைகழுவாமல் போய் மகளைத் தூக்கிக் கொஞ்சினான். நாலு வயதுக் குழந்தை பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றிலிருந்து கழுவிக் கழுவி இவன் விரல்களெல்லாம் வெடித்துக் கிடக்கின்றன. பன்றிகளுக்கு மருந்து கொடுக்கும்வரை இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று இவன் மனைவி குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நேத்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! காதை எங்கே வச்சிருந்தே?"

"தொட்டி சுத்தமா இருக்கணும்னுதான்க்கா சொன்னே. வேற ஒண்ணும் சொல்லலையே."

வாய்வரை வந்த திட்டு அப்படியே நின்றது. கால்நடை டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை மடியிலிருந்து எடுத்தேன். முதல் வரி: தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டாவது வரி: பிளீச்சிங் கூடவே கூடாது. முதல் வரியைச் சொல்லிவிட்டு, தீவன லாரி வந்துவிட்டதென்று ஓடியவள் நான். விட்டிருந்தால் இவனை இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

தம்பியின் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, பன்னிக்கெல்லாம் மூக்கு நீலமாயிடுச்சா? நீலமானா வீட்டுக்கு வரலாம்னு சொன்னேல்ல? நான் பையில துணி எடுத்து வச்சிட்டேன்."

அவன் போனை என்னிடம் நீட்டினான்.

"இல்லடா கண்ணு. அத்தை ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அதான் ஆகலை," என்றேன். "மறுபடி மருந்து வர மூணு வாரம் ஆகும்."



"அப்போ துணியை வெளியே எடுத்துடவா அத்தை?"